கெலமங்கலத்துக்கு முந்தின ஜாயிண்ட்

பதினோரு வருடம் அதன் அடியில் ஜல்லி இடித்தேன்.
திங்கள் இடித்தால் வியாழனுக்குள் அமுங்கிவிடும்.
கெலமங்கலத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால்,
ஒற்றைப் புளியமரம் தாண்டி, வளைவு தொடங்கும் இடம்.
டிராலியில் வரும் அதிகாரிகள் எல்லாரும்
அங்கே மட்டும் பென்சிலை எடுப்பார்கள்.
என் பெயருக்கு எதிரே சிவப்பாக ஒரு கோடு.

முனிலட்சுமிக்கு அதுதான் கடிகாரம்.
ராயக்கோட்டையில் ஆறு ஐந்துக்கு ஏறி
ஜன்னல் கம்பியில் துப்பட்டாவை முடிந்து
அதில் கன்னம் சாய்த்தால்
தக்காளிக் கூடைக்காரர்கள் சண்டை தெரியாது,
பெரியநாகதுணை தெரியாது.
அந்த ஜாயிண்டில் பெட்டி ஒரு குத்துக் குத்தும்.
எழுந்து கொண்டை போட்டு
டிபன் பையைத் தோளில் மாட்டவும்
ஓசூர் வரவும் சரியாக இருக்கும்.
"நீ ஒழுங்கா வேலை செய்யாததாலதான்
நான் நேரத்துக்கு வேலைக்குப் போறேன்"
என்று சிரிப்பாள்.
எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது.

ஆடியில் உத்தரவு வந்தது.
டீசல் ரயிலுக்குப் பதில் புது மின்சார ரயில்.
அது வேகமாக ஓட, தண்டவாளம் மாற வேண்டும்.
ராத்திரி ஒன்று பத்திலிருந்து நாலு பத்து வரை பிளாக்.
சென்றாயன் விளக்குப் பிடித்தான்.
ஜார்க்கண்டிலிருந்து வந்த சோம்ரா
அச்சைச் சுற்றி ஈரமணலைப் பூசிக்கொண்டே வந்தான்,
அடுப்பு மெழுகுகிறவனைப் போல,
பிறகு மருந்தைக் கொட்டிப் பற்றவைத்தான்.
கண் கூசும் வெள்ளை.
பக்கத்துக் காட்டில்
ஒவ்வொரு முட்டைக்கோசுக்கும் நிழல் விழுந்தது.

ஆறவிட்டுத் தேய்த்து முடித்ததும் தடவிப் பார்த்தேன்.
எங்கே சேர்ந்தது என்று
என் விரலுக்கே தெரியவில்லை.
வெட்டியெடுத்த துண்டை விடிந்ததும்
எடைபோட்டு, எழுதிக்கொண்டு போனார்கள்.

புது ரயிலுக்கு வாழைமரம் கட்டினார்கள், பூசணி உடைத்தார்கள்.
அதற்கு மறுநாள்,
ஏழு பத்துக்கு என் போன் அடித்தது.
"நான் எங்க இருக்கேன், சொல்லு."
"கம்பெனி வாசல்ல."
"ஆனேக்கல்ல."
அவள் பின்னால் நாலைந்து பெண்கள் சிரிக்கும் சத்தம்,
ஒருத்தி மட்டும் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.
எல்லாரும் அந்தக் குத்தை நம்பித் தூங்கினவர்கள்.
"ஓசூர் போனதே தெரியல.
பாட்டில்ல தண்ணிகூட ஆடல."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றாள்.

பதினோரு வருடத்தில் என் வேலையைப் பற்றி
ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.
அவளுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

எனக்கும் ஒன்று போய்விட்டது.
ஸ்பேனரும் சுத்தியலும் தோளில் கிடக்க
விடியற்காலை நடந்து போவேன்.
பழைய ரயில் மைல் தூரத்திலேயே
டடக் டடக்கென்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வரும்.
ஒதுங்கி நின்று பீடியே பற்றவைக்கலாம்.
இது கூப்பிடுவதில்லை.
போன செவ்வாய்க்கிழமை
சென்றாயன் கத்தினபிறகுதான் குதித்தேன்.
வீட்டில் சொல்லவில்லை.
முழங்கையில் ஜல்லி கிழித்ததைப் பார்த்து
அவளே கேட்டாள். கேட்டுவிட்டு
மஞ்சள் வைத்தாள், வேறொன்றும் பேசவில்லை.

"முன்னெல்லாம் வெயில்ல ரயில் நீள
கேப் விட்டிருந்தோம்.
இப்ப எங்க போய் நீளும்?" என்றான் சென்றாயன்.
நீளாது, உள்ளேயே வைத்துக்கொள்ளும்,
மீறினால் நெளியும், அதைப் பார்க்கத்தான் நாம் என்றேன்.
அவன் காலால் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தான்.

ராத்திரி என் போனை வாங்கி என்னமோ அழுத்தினாள்.
இப்போது ஆறு முப்பத்திரண்டுக்கு
அவள் பையில் ஒன்று அடிக்கிறது, எழுந்திருக்க.
என் பையில் ஒன்று அடிக்கிறது, ஒதுங்கி நிற்க.
ரயில் தாமதமானால் இரண்டும் பொய்.
அதனால் பத்தடிக்கு ஒருமுறை
திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

வருகிறது.
புளியமரத்துப் பக்கம் இறங்கி நிற்கிறேன்.
கண்ணாடி எல்லாம் மூடியிருக்கிறது.
எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்குள் போய்விடுகிறது,
அவள் விழித்துவிட்டாளா என்று தெரியவில்லை.